மொய்யா, விமர்சனமா?

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. கோத்தகிரி பக்கம் எங்க சித்தப்பாவுக்கு ஒரு வீடு. பிள்ளைங்க வெளியூர் போனப்புறம் மாடிப் போர்ஷனை நாள் வாடகைக்கு விட ஆரம்பிச்சார். இணையத்துல ஒரு தளத்துல படமெல்லாம் போட்டு, நாலு பேருக்கு மேல் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாதுன்னு விதியும் எழுதி வெச்சிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நாலு பேர்னு புக் பண்ணவங்க டெம்போ டிராவலர்ல பதினோரு பேரா வந்து இறங்கினாங்க. புல்தரையில தீ மூட்டி விடிய விடிய ஆட்டம். காலையில பார்த்தா வாஷ்பேசின்ல விரிசல். சாயந்திரம் ஒரு போன். "அங்கிள், நாங்க உங்களுக்கு அஞ்சு ஸ்டார் போட்டுடறோம், நீங்களும் எங்களுக்கு அஞ்சு போட்டுடுங்க."

சித்தப்பா போட்டுட்டார்! ஏன் சித்தப்பான்னு கேட்டா, "ஒத்தை ஸ்டார் போட்டா அவனும் ஒத்தை ஸ்டார் போடுவான்டா. அப்புறம் எவன் வருவான்?"ங்கிறார்.

நம்ம பதிவுலகத்துல இதுக்குப் பேரு மொய்ப் பின்னூட்டம். நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். :-) ஆனா நம்ம மொய்யால யாருக்கும் நஷ்டம் இல்ல. சித்தப்பா வெச்ச மொய்யால யாருக்கு நஷ்டம்னு யோசிச்சுகிட்டே கொஞ்சம் பழைய கதையைத் தோண்டினேன். சுவாரசியமாவே இருந்துச்சு.

கதை ஈபேயில இருந்து ஆரம்பிக்குது. 1995-ல பியர் ஒமிட்யார் ஆரம்பிச்ச ஏலத் தளம். முகம் தெரியாதவனுக்குப் பணம் அனுப்பணும், அவன் பொருள் அனுப்பணும். யாரை நம்பறது? 1996-ல அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். வாங்கினவர் விற்றவரைப் பத்தியும், விற்றவர் வாங்கினவரைப் பத்தியும் எழுதலாம். நல்லது, சுமார், மோசம்னு மூணு தரம். ஆங்கிலத்துல அதுக்கு வெச்ச பேரைத் தமிழ்ல சொன்னா, சாட்சாத் நம்ம பின்னூட்டம்தான்!

நல்ல ஏற்பாடு. ஆனா ஆளாளுக்கு ஒரு கல்லு கையில இருந்தா யாரும் முதல்ல எறிய மாட்டாங்க. 1999-ம் வருஷத்து ஈபே வியாபாரங்களை வெச்சு ரெஸ்னிக், செக்ஹவுசர்னு ரெண்டு பேராசிரியர்கள் கணக்குப் பார்த்தாங்க. வாங்கினவங்க எழுதினதுல 99 சதவீதத்துக்கு மேல நல்லதாவே இருந்துச்சு. உலகம் அவ்வளவு நல்லதுன்னா நம்பற மாதிரியா இருக்கு? மோசம்னு எழுதினா அவனும் பதிலுக்கு எழுதுவான்னு பயம். கடைசியில 2008 மே மாசம் ஈபே ஒரு பக்கத்தோட வாயைக் கட்டிடுச்சு. இனிமே விற்பவர், வாங்கினவரைப் பத்தி மோசமா எழுத முடியாது.

இதுக்கு நடுவுல, 2007 அக்டோபர்ல, சான் பிரான்சிஸ்கோவுல ரெண்டு இளைஞர்களுக்கு வீட்டு வாடகை கட்டப் பணம் பத்தலை. பிரையன் செஸ்கி, ஜோ கெபியா. ஊர்ல ஒரு வடிவமைப்பாளர் மாநாடு, ஹோட்டல் எல்லாம் நிரம்பி வழியுது. இவங்க காத்தடிச்ச மூணு மெத்தையை ஹால்ல போட்டு, காலைச் சிற்றுண்டியோட வாடகைக்கு விட்டாங்க. அதுதான் ஏர்பிஎன்பி. அங்கேயும் இருபக்க விமர்சனம்தான்: தங்கினவர் வீட்டுக்காரரைப் பத்தி, வீட்டுக்காரர் தங்கினவரைப் பத்தி.

ஈபேகாரங்க செஞ்ச மாதிரி இங்கே ஒரு பக்கத்து வாயைக் கட்ட முடியாதுங்க. ஈபே விற்பனையாளர் ஒரு பெட்டியைத் தபால்ல அனுப்பறார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் சாவியைக் குடுக்கறார். வந்தவர் எப்படிப்பட்டவர்னு அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்ல அவரை விட்டா ஆள் கிடையாது.

சாவி குடுக்கறதுல இருக்கற பயம் சும்மா வந்ததும் இல்ல. 2011-ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பெண் ஊருக்குப் போறப்ப வீட்டை வாடகைக்கு விட்டுட்டுப் போனாங்க. திரும்பி வந்து பார்த்தா வீடே சூறை. பூட்டின அலமாரியை உடைச்சு பாஸ்போர்ட், பணம், பாட்டி நகை எல்லாம் போயிடுச்சு. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? பதிவு போட்டாங்க! பேரைச் சொல்லாம, தன்னோட வலைப்பதிவுல. ஒரு மாசம் கழிச்சு அது பத்திரிகைகள் வரைக்கும் போச்சு. பதிவை மூடிடுங்க, இல்லேன்னா எல்லாரும் படிக்காத மாதிரி வைங்கன்னு நிறுவனர்கள்ல ஒருத்தர் கேட்டதா அடுத்த பதிவுல எழுதினாங்க. ஆகஸ்ட் 1-ம் தேதி செஸ்கி பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்காரர்களுக்கு 50,000 டாலர் வரைக்கும் சேத உத்தரவாதம் அறிவிச்சார். மறுவருஷம் அது பத்து லட்சம் டாலர் ஆச்சு. பதிவு எழுதி என்னத்தைக் கிழிச்சேன்னு வீட்ல யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

அதைவிடக் கொடுமை 2019 அக்டோபர் 31. கலிபோர்னியாவுல ஒரிண்டான்னு ஒரு ஊர். பன்னிரண்டு பேர்னு சொல்லி எடுத்த வீட்டுல நூறு பேருக்கு மேல கூடி ஹாலோவீன் விருந்து. துப்பாக்கிச் சூடு, அஞ்சு பேர் செத்துப் போனாங்க. 2020 ஆகஸ்ட்ல உலகம் முழுக்க விருந்துக்குத் தடை போட்டாங்க, 2022-ல அதை நிரந்தரமாக்கினாங்க. நாலுன்னு சொல்லிட்டு பதினொண்ணா வர்றதை நாம சிரிச்சுட்டு விட்டுடறோம். எல்லா இடத்துலயும் அது வாஷ்பேசினோட முடியறதில்ல.

சரி, விமர்சனத்துக்கு வருவோம். இந்த மொய் வியாபாரத்தை உடைக்க ஏர்பிஎன்பி 2014-ல ஒரு எளிய வழி பிடிச்சாங்க. மூடின உறை மாதிரி. ரெண்டு பேரும் எழுதி முடிக்கணும், இல்லேன்னா 14 நாள் ஆகணும். அதுவரைக்கும் ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் கண்ணுல படாது. படிச்சுட்டுப் பழிவாங்க வழியில்ல. ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தப்ப, எழுதறவங்க கூடினாங்க, பழிவாங்கல் குறைஞ்சது. ஆனா நட்சத்திரங்கள் ஒண்ணும் பெரிசா குறைஞ்சிடல. பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒண்ணு 2015-ல வந்தது. ஏர்பிஎன்பி வீடுகள்ல ஏறக்குறைய 95 சதவீதத்துக்குச் சராசரி நாலரை இல்ல அஞ்சு ஸ்டாராம்!

பயம் போனாலும் தாட்சண்யம் போகாது பாருங்க. ஒருத்தர் முகத்தைப் பார்த்து சாவி வாங்கிட்டோம், காபி குடிச்சுட்டோம், எப்படி எழுதறது?

எழுதாம விட்டா யாருக்கு நஷ்டம்? என்னை உலுக்கினது இந்த இடம்தான். ஹார்வர்ட்ல எடெல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி மூணு பேரும் அமெரிக்காவோட அஞ்சு நகரங்கள்ல சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு இடம் கேட்டு எழுதினாங்க. கடிதம் ஒண்ணுதான், பேர் மட்டும்தான் வேற. கறுப்பினத்தவர் பேர் மாதிரி இருந்தா சம்மதம் கிடைக்கற வாய்ப்பு 16 சதவீதம் குறைவு. வந்தவன் எப்படிப்பட்டவன்னு தெரியாதப்போ பேரைப் பார்த்து முடிவு பண்றாங்க. (நம்ம ஊர்ல வீடு தேடினவங்களுக்கு இது புதுசா என்ன?)

இன்னொரு ஆய்வு 2020-ல வெளியாச்சு. விமர்சனமே இல்லாத கணக்குகள்ல வெள்ளைக்காரப் பேருக்கும் கறுப்பினப் பேருக்கும் சம்மதத்துல சுமார் 19 சதவீதப் புள்ளி இடைவெளி. பழைய வீட்டுக்காரர் எழுதின ஒரே ஒரு நல்ல விமர்சனம் இருந்தா அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. "நான் சுத்தமானவன், நட்பானவன்"னு தானே எழுதிக்கிட்டா பலன் இல்ல. இன்னொருத்தர் சொல்லணும்.

ஆக, விமர்சனம்ங்கிறது வீட்டுக்காரருக்கும் தங்கினவருக்கும் நடுவுல நடக்கற கணக்கு மட்டும் இல்ல. அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதற கடிதாசி. எல்லாருக்கும் அஞ்சு ஸ்டார் போட்டா அந்தக் கடிதாசி செல்லாக்காசு. அப்புறம் அவர் திரும்பவும் பேரையும் முகத்தையும்தான் பார்ப்பார். ஒழுங்கா இருந்துட்டுப் போன பையன் தன் பேருக்காக அடிவாங்குவான். சித்தப்பா வெச்ச மொய்க்கு வட்டி கட்டறது அவன்தான்.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன். வேடிக்கை என்னன்னா, அவர் போட்டிருந்த தளத்துலயும் மூடின உறை முறைதான். அவருக்கே தெரியாது! நடக்க முடியாத பழிவாங்கலுக்குப் பயந்து அஞ்சு ஸ்டார் போட்டிருக்கார். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "மோசமானவங்கன்னு எழுதணுமாடா? சின்னப் பசங்கதானே"ன்னார்.

வேண்டாம் சித்தப்பா, பட்டம் எதுவும் குடுக்க வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கன்னேன்.

போன மாசம் ஒரு கோஷ்டி ஆறு பேரா வந்துச்சாம். சித்தப்பா வாசல்லயே வெச்சு, நாலு பேருக்குத்தான் இடம்னு சொல்லிட்டாராம். ரெண்டு பேர் வேற இடம் பார்த்துக்கிட்டாங்க. போனப்புறம் அவர் எழுதினது இவ்வளவுதான்: "நாலு பேர் என்று பதிவு செய்து ஆறு பேர் வந்தார்கள். சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தினார்கள். அறை சுத்தமாக இருந்தது. மீண்டும் வரலாம்."

நூறு அஞ்சு ஸ்டாரை விட இந்த அஞ்சு வரி எனக்குப் பிடிச்சிருந்தது.

டிஸ்கி: வீடு வாடகைக்கு விட்டவங்க, போய்த் தங்கினவங்க, ரெண்டு தரப்பும் உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. மொய் வேண்டாம், உண்மையை எழுதுங்க. :-)