மூன்று பட்டியல், ஒரு துறைமுகம்

ஜார்ஜ்டவுனுக்கு இரண்டு இரவு போய்வரத் திட்டம் போடுகிற யாரும் மூன்று பட்டியல் எழுதுவார்கள்: என்ன சாப்பிடுவது, எந்தக் கட்டடத்தைப் பார்ப்பது, ராத்திரி எங்கே உட்காருவது. எங்கள் அலுவலக வாட்சப் குழுவும் அதைத்தான் செய்தது. “சாப்பாடு நான் பாத்துக்கிறேன், நைட்டு அவன் பாத்துக்கட்டும், பழைய பில்டிங் எல்லாம் உன் டிபார்ட்மென்ட்டு மச்சான்” என்று நண்பன் ஒருவன் எழுதினான். சிவில் படித்தவன் என்பதால் கட்டடம் என் தலையில் விழுந்தது. அதற்காகப் படிக்கப் படிக்க, மூன்று பட்டியலும் ஒரே இடத்தில் தொடங்குவது தெரிந்தது. அந்த இடம் துறைமுகம்.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டு, வரியில்லாத் துறைமுகமாகத் திறந்துவிட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஆரம்ப ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தார்கள். இன்று விடுதிகளும் மதுக்கூடங்களும் நிறைந்த சூலியா தெருவுக்கு முதலில் மலபார் தெரு என்றுதான் பெயர். காதர் மொய்தீன் முன்னின்று அமைத்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் வந்தது. நாம் வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கண்டாரும் இந்த வட்டாரத்து உணவுதான். கண்டார் என்றால் தோளில் போடும் காவடித்தடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு. அதைச் சுமந்துகொண்டு துறைமுகக் கூலிகளைத் தேடிப் போய் விற்றார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு வேண்டியது ஒரே தட்டில், சீக்கிரமாக, வயிறு நிறைய. கப்பலுக்கு ராத்திரி பகல் கிடையாது. அதனால் அந்த ஊர் அடுப்புக்கும் கிடையாது. பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு ‘பெராத்தூர்’, அதாவது ‘வரிசையில் நிற்பது’ என்றே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது என் பட்டியல். ஜார்ஜ்டவுன் கடைவீடு முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளமாகவும் இருக்கும். நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்க ஒரு முற்றம். வாசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ‘காக்கி லீமா’ எனும் ஐந்தடி நடைபாதை. சுவரில் பூசியது சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். இதையெல்லாம் நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. நான்கு வருடமும் கான்கிரீட்டும் இரும்பும்தான்.

ஆனால் இத்தனை கடைவீடுகள் இடிபடாமல் எப்படித் தப்பின? கோலாலம்பூரில் இப்படி மொத்தமாக எதுவும் மிஞ்சவில்லையே! பதிலில் பெரும்பங்கு ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் விடவில்லை. 1969இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோய் ஊரின் வணிகமும் படுத்தது. இடித்துக் கட்ட முடியாது, கட்டினாலும் லாபமில்லை. தட்டானும் தச்சனும் கறிமசாலைக்காரரும் கீழே கடை, மேலே குடும்பம் என்று தலைமுறையாகத் தங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. கூரை ஒழுகியது, சுவர் உளுத்தது, ஆனால் வீட்டில் ஆள் இருந்தார்கள்.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி முதல் வாடகைக்கு வரம்பில்லை. கட்ட முடியாதவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். எட்டு வருடம் கழித்து, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியது. சொன்ன காரணங்களில் ஒன்று, பல பண்பாடுகள் கலந்த மரபுக்கு இந்த ஊர் ‘உயிருள்ள’ சான்று என்பது. அந்தச் சொல்லுக்கு உரியவர்களில் பலர் அதற்குள் காலி செய்து போயிருந்தார்கள். மரபு வட்டாரத்தில் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று விதி இருக்கிறது. முகப்பை மாற்றவும் அனுமதி வேண்டும். குடியிருப்பவரைக் காக்க அப்படி ஒரு விதி கிடையாது.

ராத்திரிக் கணக்கும் இதே கதைதான். சிந்திரா தெருவை ஹொக்கியன்காரர்கள் ஜப்பான் தெரு என்று அழைத்தார்கள். ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் அங்கிருந்த விடுதிகளில் உடலை விற்றுப் பிழைத்தார்கள். ஜாலான் பி. ரம்லியில் இருக்கும் ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களின் கல்லறைகள் உண்டு. நமக்கு ‘நைட் லைஃப்’. அவர்களுக்கு அது நைட் ஷிஃப்ட். சுற்றியிருக்கும் மதுக்கூடங்களில் உட்கார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருவில் உட்காருகிறவனுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில் நிற்கும் குவீன் தெருப் பக்கம், கிட்டங்கிகளில் படுத்தெழுந்து கப்பல் சரக்கு இறக்கிய தமிழர்கள் இருந்தார்கள். சரக்கு வேலை கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. இன்று சுவெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிறது. அன்று கப்பலிலிருந்து மூட்டை இறங்கியது, இன்று நம்மைப் போன்றவர்கள் இறங்குகிறோம்.

நம் பணம் இல்லாவிட்டால் பல கூரைகள் எப்போதோ விழுந்திருக்கும். ஓடு மாற்றியதும் சுண்ணாம்பு பூசியதும் ஓட்டல் முதலீடுதான். கட்டடம் பிழைத்த கணக்கில் அதை மறைக்க முடியாது. குடியிருந்தவர்கள் போனதை இன்னொரு கணக்கில் எழுத வேண்டும்.

அதனால் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு நாளாவது விடிகாலையில் எழுந்து சூலியா, கிங், குவீன் தெருக்களில் நடங்கள். முகப்புச் சித்திரங்களைப் பார்த்து முடித்தபின் மாடி ஜன்னல்களைக் கவனியுங்கள். ஒரே அளவில் ஏர்கோன் பெட்டிகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது விடுதி. மூங்கில் கழியில் சாரமும் பள்ளிச் சீருடையும் காய்ந்தால் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. அதன் கீழே கடை திறந்திருந்தால், காலைச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள்.