பாட்டும் பாயும்

கிறிஸ்தவத் தமிழில் 'சபை' என்றால் கட்டடம் அல்ல, கூடியிருக்கும் மனிதர்கள். இந்த மனிதர்களை வழிபாட்டில் ஈடுபடுத்துவது எப்படி என்ற பிரச்னை தமிழ்நாட்டில் இரண்டு கேள்விகளாகப் பிரிந்து வந்திருக்கிறது. அவர்கள் எதைப் பாடுவது? யார் அருகில் யார் உட்காருவது? தஞ்சாவூரில் 1820களில் நடந்த தகராறில் இரண்டு கேள்விகளும் நேருக்கு நேர் மோதின.

முதலில் சபைக்குப் பாடக் கிடைத்தவை ஜெர்மன் ஞானப்பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிஷியஸ் போன்ற லுத்தரன் மிஷனரிகள் உழைத்துச் செய்தவை. மெட்டு ஐரோப்பாவினுடையது, தமிழின் குறிலும் நெடிலும் அதற்குள் மடங்கி உட்கார வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதை மாற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனை எழுதினார். குறவஞ்சியைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனார். திரும்பத் திரும்ப வரும் பல்லவியைப் பிடித்துக்கொள்ளப் புத்தகம் வேண்டியதில்லை. எழுத்தறியாதவனுக்கும் வழிபாட்டில் குரல் கிடைத்தது.

ஸ்வார்ட்ஸ் 1798இல் மறைந்தார். பின்னால் வந்த இளைய மிஷனரிகள், வேளாளரும் பறையரும் கோயிலில் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தார்கள். அதே மூச்சில் தமிழ்ப் பாட்டையும் பண்டிகைப் பூவையும் தடுத்தார்கள். எல்லாமே அஞ்ஞானத்தின் எச்சம் என்பது அவர்கள் நினைப்பு. வேளாளரான சாஸ்திரியார் எதிர்த்தார். 1829ஐ ஒட்டி அவர் எழுதியவற்றில் தமிழ்ப் பாட்டுக்கான வாதமும் சாதிக்கான வாதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவருக்கு எல்லாமே தமிழ் வழக்கம். எதிரெதிராக நின்ற இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: பாட்டையும் பாயையும் பிரிக்க முடியாது என்பதில். 

வரலாறு இரண்டையும் பிரித்துத்தான் தீர்த்தது. சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்ஸன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். பலர் சபையை விட்டு விலகினார்கள். பாட்டோ ஜெயித்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். பாட்டு ஜெயித்ததால் சபையும் கூடிவிட்டது என்று எண்ணிக்கொள்வது சுலபம். கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து வடக்கன்குளம் இதற்கு மறுப்புச் சொல்கிறது. அங்கே 1872இல் எழுந்த கோயிலுக்கு ஒரே பலிபீடம், கவைபோல் பிரிந்த இரண்டு கூடங்கள்: ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதைத் திரும்ப எழுப்பக் கோரி வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

கீர்த்தனைக்கும் ஒரு சாதி எல்லை உண்டு. அரண்மனையும் கச்சேரியும் வளர்த்த இசை அது. பறைக்கு அதில் இடமில்லை. இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்களுக்குப் 'பரட்டை' அண்ணன். கிராமத்து மெட்டையும் பேச்சையும் பறையையும் அவர் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். திருவிருந்தை 'ஒரே உலை' என்ற கருத்தால் விளக்கினார்: தனித்தனி அடுப்பில் பொங்குகிறவர்கள் ஒரு குடும்பமாவதில்லை. சேர்ந்து பாடுவதைச் சேர்ந்து உண்பதிலிருந்து அவர் பிரிக்கவில்லை.

சாதிவாரியாகப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கின்றன. சபையை உயிர்ப்பிக்கப் புதுப் பாட்டும் புது வாத்தியமும் தேடுகிறவர்கள் 1829க்குத் திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டும். சாஸ்திரியாரின் பாட்டில் குறை இல்லை. அதைப் பாடியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் குறை இருந்தது.