மாட்டு வயித்துல ஒரு ஜன்னல்

மாட்டுக்கு நாலு வயிறுன்னு ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். சரியாச் சொன்னா வயிறு ஒண்ணுதான், அதுல அறைகள் நாலு. இதை விவரமா எழுதி வெச்சவர் யாருன்னு தேடிப் போனா, கி.மு. 4-ம் நூற்றாண்டுல நம்ம அரிஸ்டாட்டில் உக்காந்திருக்கார்!

சும்மா எண்ணிட்டுப் போகலை மனுஷன். அறுத்துப் பார்த்து ஒவ்வொண்ணுக்கும் பேரும் சொல்லியிருக்கார். ரெண்டாவது அறைக்குச் சொன்ன பேரு, கிரேக்கப் பெண்கள் கூந்தல்ல கட்டுற வலையோட பேரு. ஆட்டுக்குடல் சுத்தம் பண்றதைப் பார்த்தவங்களுக்கு அந்தத் தேன்கூடு டிசைன் ஞாபகம் வரும், பொருத்தமான பேருதான். மூணாவது, முள்ளெலி.

ஏன் நாலு? அதுக்கும் பதில் வெச்சிருந்தார். மாட்டுக்கு மேல்தாடையில முன்பல் கிடையாது. பல்லுக்குப் போக வேண்டிய சரக்கு கொம்புக்குப் போயிடுச்சு, அதனால ஒழுங்கா மெல்ல முடியாது, அதை ஈடுகட்டத்தான் இத்தனை அறைகள். 'ஒட்டகத்துக்குக் கொம்பே இல்லையே சார்?'னு கேட்டா, அங்கே அந்தச் சரக்கு வாயோட மேலண்ணத்தைக் கெட்டியாக்கப் போயிடுச்சாம். தப்பான விளக்கம்தான், ஆனா அபாரமான தப்பு. :-)

படம் கிடைச்சாச்சு. ஆனா உள்ளே என்ன நடக்குதுங்கறது 2000 வருஷத்துக்கு மேல பிடிபடலை. செத்த மாட்டை எத்தனை தடவை அறுத்தாலும் தெரியப்போறது அறைகளோட வடிவம்தானே!

நடுவுல 1761-ல பிரான்ஸ்ல, லியோன் நகரத்துல ஒரு கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கிடைச்சது. ஆரம்பிச்சவர் க்ளோத் பூர்ஷெலா, குதிரையேற்றப் பள்ளி நடத்தினவர். அப்போ ஐரோப்பாவுல கொள்ளைநோய் வந்து மாடுங்க கூட்டம் கூட்டமா செத்துக்கிட்டு இருந்தது. (ரிண்டர்பெஸ்ட்ங்கற அந்த நோய் ஒழிஞ்சதா அறிவிச்சது 2011-லதான்.) அடுத்து 1765-ல பாரிஸ் பக்கத்துல அல்ஃபோர்ல இன்னொரு பள்ளி.

1830-கள்ல ஃப்ளூரான்ஸ்ங்கற பிரெஞ்சுக்காரர் உயிரோட இருக்குற செம்மறியாட்டு வயித்துலயே ஓட்டை போட்டார். படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா தின்ன புல் முதல்ல எந்த அறைக்குப் போகுது, அசைபோட்டு முழுங்கினதும் எங்கே போகுதுன்னு நேர்ல பார்க்க அவருக்கு வேற வழி இருந்திருக்காது. 1843-ல அல்ஃபோர் பேராசிரியர் டெலஃபோனும், ஹங்கேரியில பிறந்த டேவிட் க்ரூபியும் முதல் அறையோட சாறை மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. உள்ளே ஒரு ஊரே நீந்திக்கிட்டு இருந்தது!

இங்கேதான் மேட்டரே இருக்கு. புல்லோட நார்ச்சத்தான செல்லுலோஸை உடைக்கிற நொதி மாட்டோட உடம்புல சுரக்காது. உடைக்கிறது நுண்ணுயிருங்க. முதல் அறை, 100 லிட்டருக்கு மேல பிடிக்கிற, 39 டிகிரி சூட்டுல இருக்குற ஒரு ஊறல் பானை. வயித்தோட இடப்பக்கம் கிட்டத்தட்ட முழுக்க அதுதான். (வயிறு உப்பிச் சாகக்கிடக்குற மாட்டுக்கு இடப்பக்கம் குத்தி காத்து வெளியேத்துறது இதனாலதான்.) அங்கே உண்டாகுற அமிலங்கள் சுவர் வழியா ரத்தத்துல கலக்குது, மாட்டோட சக்தியில பெரும்பங்கு அதுலேர்ந்துதான். அப்புறம் அந்த நுண்ணுயிருங்களே நாலாவது அறைக்குப் போய் செரிச்சு, மாட்டுக்குப் புரதமா ஆயிடுது. பாவம், வேலையும் செஞ்சு சாப்பாடும் ஆகுதுங்க.

ஆனா அந்த பாக்டீரியாக்களை வெளியே எடுத்து வளர்க்கறது லேசுல முடியலை. காரணம் ஆக்சிஜன். காத்து பட்டாலே பெரும்பாலானது செத்துடும். 1940-கள்ல ராபர்ட் ஹங்கேட்ங்கற அமெரிக்கர் ஒரு சோதனைக் குழாயில கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, ஆக்சிஜனை விரட்டி, உருகின அகரை உள்சுவத்துல உருட்டிப் படிய வெச்சார். அவ்வளவுதான் டெக்னிக். கோடிக்கணக்குல செலவு பண்ணின மெஷின் எதுவும் இல்லை. 1966-ல இதைப்பத்தி ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

அதுக்கு முன்னாடியே, 1928-ல வட டகோட்டாவுல ஷால்க், அமடான்னு ரெண்டு பேர், மாட்டோட இடப்பக்கம் நிரந்தரமா ஒரு வழி வெச்சு செஞ்ச ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தாங்க. மூடி போட்ட ஜன்னல் மாதிரி. கையை விட்டு சாறு எடுத்துக்கலாம், மாடு பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கும். இன்னிக்கும் கால்நடைக் கல்லூரிங்கள்ல இப்படி மாடுங்க உண்டு.

கன்னுக்குட்டிக்கு மட்டும் இந்தக் கதை பொருந்தாது. அது பால் குடிக்கிறப்போ உணவுக்குழாய்க்குக் கீழே ஒரு மடிப்பு மூடிக்கிட்டு குழாய் மாதிரி ஆயிடும். முதல் அறைகளைத் தாண்டி பால் நேரா கடைசி அறைகளுக்குப் போயிடும். புல் கடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் அந்தப் பெரிய பானை வளருது. உள்ளே குடியேற வேண்டியவங்க எல்லாம் அம்மாகிட்டேயிருந்தும் சுத்துப்புறத்துலேயிருந்தும் வந்து சேருவாங்க.