தொழிற்பழகுநர் பயிற்சியும் முதல் தன்விவரக் குறிப்பும்
சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையும் 1964-இல் தொழிற்பேட்டையும் தொடங்கப்பட்டன. அருகிலுள்ள ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆலை வேலைக்கு அனுபவம் வேண்டும். வேலையில் சேராமல் அனுபவம் கிடைக்காது. இச்சிக்கலைத் தீர்க்க உதவியது அதே 1961-இல் இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டம்.

இதன்படி ஐ.டி.ஐ. முடித்தவர் உதவித்தொகை பெற்று ஆலையில் பழகலாம். தேர்வில் வென்றால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஆனால், பயிற்சியளித்த ஆலையே வேலை தரவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, வேறு ஆலைகளுக்கு விண்ணப்பிக்கத் தன்விவரக் குறிப்பு தேவைப்பட்டது.

சட்டப்படி பழகுநர் பயிற்சியாளரே, தொழிலாளர் அல்லர். எனவே தொழிற்பிரிவு, ஆலை, பயிற்சிக்காலம், இயக்கப் பழகிய எந்திரங்கள் ஆகியவற்றைப் 'பயிற்சி' என்ற தலைப்பில் எழுதுவதே முறை.