குடும்ப மருத்துவர்

குடும்ப மருத்துவர் என்பவர் ஒரு தனிநபருக்கோ ஒரு குடும்பத்தினர் அனைவருக்குமோ பல ஆண்டுகள் தொடர்ந்து முதல்நிலை மருத்துவம் அளித்துவரும் மருத்துவர் ஆவார். காய்ச்சல், இருமல் போன்ற அன்றாட நோய்கள் முதல் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்கள் வரை எல்லாவற்றுக்கும் முதலில் அணுகப்படுபவர் இவரே. ஒரே மருத்துவருக்கும் ஒரே நோயாளிக்கும் இடையே நீண்டகாலம் நிலைக்கும் இவ்வுறவு மருத்துவத் தொடர்ச்சி எனப்படுகிறது. இத்தொடர்ச்சி மிகும்போது மருத்துவமனைச் சேர்க்கைகளும் இறப்புகளும் குறைந்து காணப்படுவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வுறவு பெரும்பாலும் தனியார் மருத்துவர்களிடமே வளர்ந்துள்ளது. அரசுத் துறையில் அதன் ஒரு பகுதியைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தாங்கி வருகின்றனர்.

வரையறை

அமெரிக்க மருத்துவ அறிஞர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு (1932–2011) முதல்நிலை மருத்துவத்திற்கு நான்கு பண்புகளைக் குறிப்பிட்டார். அவை:

1. முதல் தொடர்பு – எந்த நோய்க்கும் முதலில் செல்லும் இடமாக இருத்தல்.
2. தொடர்ச்சி – காலப்போக்கில் அதே மருத்துவரே கவனித்தல்.
3. முழுமை – பெரும்பாலான தேவைகளை அங்கேயே நிறைவேற்றுதல்.
4. ஒருங்கிணைப்பு – சிறப்பு மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தல்.

தொடர்ச்சியும் மூன்று வகைப்படும். நோயாளியைப் பற்றிய குறிப்புகள் ஓரிடத்தில் பேணப்படுவது தகவல் தொடர்ச்சி. பலர் சிகிச்சை அளித்தாலும் ஒரே திட்டத்தைப் பின்பற்றுவது மேலாண்மைத் தொடர்ச்சி. ஒருவரையொருவர் அறிந்திருப்பது உறவுத் தொடர்ச்சி. முதலிரண்டையும் ஏடுகளாலும் கணினியாலும் ஓரளவு ஈடுசெய்யலாம். மூன்றாவது காலத்தால் மட்டுமே உருவாகிறது.

தமிழ்நாட்டில் 'பொது மருத்துவம்' என்னும் சொல் ஒரு பட்டமேற்படிப்புத் துறையையும் குறிப்பதால், அத்துறை வல்லுநரையும் குடும்ப மருத்துவரையும் ஒருவராகக் கருதும் குழப்பம் நேர்வதுண்டு. பேச்சு வழக்கில் நம்பிக்கைக்குரிய மருத்துவரைக் 'கைராசிக்காரர்' என்பர். அவரிடம் சென்றாலே நோய் தணியும் என்ற இந்நம்பிக்கையில், நெடுநாள் பழக்கத்தால் விளையும் பயன்களும் கலந்துள்ளன.

தொடர்ச்சி செயற்படும் விதம்

நீண்டநாள் உறவு பயனளிப்பதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

மாற்றத்தை உணர்தல்: ஒருவரது வழக்கமான எடை, குருதி அழுத்தம், நடை, பேச்சு ஆகியவற்றை அறிந்த மருத்துவர் சிறிய வேறுபாட்டையும் விரைவில் கவனிக்கிறார். புதிய மருத்துவருக்கு அந்த அளவீடு ஓர் எண் மட்டுமே. பழகியவருக்கு அது முன்பிருந்த நிலையிலிருந்து ஏற்பட்ட விலகல்.

மருந்துப் பிழைகளைத் தவிர்த்தல்: இந்தியாவில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது. வெவ்வேறு மருத்துவர்களிடம் செல்லும் நோயாளி ஒரே மருந்தை இரு பெயர்களில் உட்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகள் சேர்வதும் நேரலாம். எல்லாச் சீட்டுகளையும் ஒருவரே பார்க்கும்போது இது குறைகிறது.

தேவையற்ற சோதனைகளைக் குறைத்தல்: முந்தைய முடிவுகள் தெரிந்திருப்பதால் அதே சோதனையை மீண்டும் செய்யவேண்டியதில்லை. சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் துணிந்து கூறவும் இயலும். நோயாளி திரும்பி வருவார் என்ற உறுதி இருக்கும்போதுதான் அவ்வாறு கூற முடியும்.

நம்பிக்கை: மதுப்பழக்கம், மனச்சோர்வு, குடும்ப வன்முறை, மருந்தை இடையில் நிறுத்தியது போன்றவற்றை முதல் சந்திப்பிலேயே கூறுவோர் சிலரே. அறிகுறி எதுவும் தராத உயர் குருதி அழுத்தத்துக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை உட்கொள்ளுமாறு ஒருவரை இணங்கச் செய்வதற்கும் இந்நம்பிக்கை தேவைப்படுகிறது.

ஆய்வு முடிவுகள்

2018 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருத்துவத் தொடர்ச்சிக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 22 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றில் 18 ஆய்வுகள், தொடர்ச்சி மிகுந்தவர்களிடையே இறப்பு குறைவு எனக் கண்டிருந்தன. இவை பண்பாட்டிலும் மருத்துவ அமைப்பிலும் வேறுபட்ட ஒன்பது நாடுகளில் நடைபெற்றவை.

நோர்வே நாட்டில் 2001 முதல் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட பொது மருத்துவரின் பட்டியலில் இடம்பெறும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அந்நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு 2022 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களுடன் ஒப்பிட்டது. முன்னவரிடையே நேரந்தவறிய அவசர நாடல் சுமார் 30 விழுக்காடும், திடீர் மருத்துவமனைச் சேர்க்கை 28 விழுக்காடும், இறப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்தன. உறவின் ஆண்டுகள் கூடக்கூடப் பயனும் படிப்படியாகக் கூடியது.

இவை அனைத்தும் நோக்காய்வுகள் என்பதால் காரண காரியத் தொடர்பை முழுமையாக நிறுவுவதில்லை. கடும் நோயுற்றவர்கள் பல மருத்துவர்களை நாட நேர்வதும் முடிவுகளைப் பாதிக்கலாம்.

ஒரு சிற்றூரில் இவ்வுறவு எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு வேல்சு நாட்டின் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரான கிளின்கோரக்கில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறார். தம் பொறுப்பிலிருந்த மக்களைத் தேடி அளந்து, உயர் குருதி அழுத்தம் உள்ளவர்களைக் கண்டறிந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 25 ஆண்டுப் பணியைப் பற்றி 1991 இல் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட கட்டுரை, ஒத்த நிலையிலிருந்த அண்டைச் சிற்றூரைவிட அங்கு இளவயது இறப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. மருத்துவத் தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் அரிதாகக் கிடைக்கிறது என்னும் 'தலைகீழ் விதி'யை 1971 இல் முன்வைத்தவரும் இவரே.

இந்தியாவில்

1943 இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 இல் தன் அறிக்கையை அளித்தது. நோயைக் குணப்படுத்துவதோடு மக்களின் வாழ்நிலையையும் அறிந்த சமூக மருத்துவர்களை உருவாக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டன. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் என்பது தேசிய நெறியாகும். மலைப்பகுதிகளில் இவ்வெண்கள் முறையே 20,000, 3,000 ஆகும். 1978 இல் அல்மா-அட்டா மாநாடு முதல்நிலை மருத்துவத்தை உலக நாடுகளின் பொது இலக்காக அறிவித்தது.

இவ்வமைப்பு மக்கள்தொகையின் அடிப்படையில் அமைந்தது. பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் உள்ளதுபோல ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த மருத்துவர் ஒருவர் என்ற ஏற்பாடு இதில் இல்லை. குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெற்றோரின் பற்றாக்குறையை 2002 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சுட்டிக்காட்டியது.

தமிழ்நாட்டில்

மதுரை வட்டாரத்தைக் கொண்டு தமிழ்நாட்டு நிலையை விளக்கலாம். மதுரைக்கு மேற்கே சமணர் மலையின் அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி போன்ற ஊர்களில் வாழ்வோர் ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் மருத்துவர், நகரின் பெரிய மருத்துவமனை ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் நேரடியாக நாடலாம். பரிந்துரைச் சீட்டு கட்டாயமில்லை. மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனை, 1954 இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் மருத்துவக் குழுக்கள் கிழமை முறையில் அமர்வது வழக்கம். அதே கிழமையில் செல்லும் நோயாளி அதே குழுவைக் காண இயலும். ஆயினும் குழுவிலுள்ள பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பர். எனவே நோயாளி கையில் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகமே பல வேளைகளில் அவரது ஒரே மருத்துவ வரலாறாகும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவர்கள் நீண்டகாலம் தங்குவது அரிது. இடமாற்றத்தோடு பட்டமேற்படிப்பும் இதற்கு ஒரு காரணம். அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் இடஒதுக்கீடு அளிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. இவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளம் மருத்துவர்களைச் சிற்றூர்ப் பணிக்கு ஈர்க்கும் இதே ஏற்பாடு, சில ஆண்டுகளில் அவர்களை அங்கிருந்து சிறப்புத் துறைகளுக்கு அழைத்தும் செல்கிறது.

மருத்துவர்கள் மாறினும் மாறாது நிற்பவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியரே. கருவுற்றோரைப் பதிவுசெய்தல், மகப்பேற்றுக்குப் பின் வீடு தேடிச் செல்லுதல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுதல் ஆகியவற்றால் அவர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்கிறார். ஆனால் இப்பணிகள் தாய்-சேய் நலத்தையே மையமாகக் கொண்டவை. நாட்பட்ட நோயுள்ள முதியோர் நெடுங்காலம் இவ்வலைக்கு வெளியே இருந்தனர். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு நோய் உள்ளதாக 2023 இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இக்குறையை நோக்கியது. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உள்ளோருக்கு மகளிர் தன்னார்வலர்கள் வீட்டிலேயே மருந்துகளைச் சேர்க்கின்றனர். இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இதில் அடங்கும். இத்திட்டத்திற்கு 2024 இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றாநோய்ப் பணிக்குழு விருது கிடைத்தது. இது மருந்தின் தொடர்ச்சியை உறுதிசெய்கிறது. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என முடிவுசெய்யும் மருத்துவரின் தொடர்ச்சி இதனால் மட்டும் கிடைப்பதில்லை.

தனியார் துறையில் குறைந்த கட்டணத்தில் ஒரே பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர்கள் மக்களிடையே பெரும் மதிப்பைப் பெற்றனர். சென்னை வியாசர்பாடியில் 1973 முதல் மருத்துவம் பார்த்து, 'ஐந்து ரூபாய் மருத்துவர்' என அழைக்கப்பட்ட திருவேங்கடம் அவர்களுள் ஒருவர். அவர் 2020 ஆகஸ்டில் காலமானார். இத்தகையோர் மறையும்போது அவர்களது நினைவில் மட்டுமே இருந்த பல குடும்பங்களின் நோய் வரலாறும் உடன் மறைகிறது.

இலங்கையில்

இலங்கையில் அரசு மருத்துவம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அங்கும் எந்த அரசு மருத்துவமனைக்கும் நேரடியாகச் செல்லலாம் என்பதால் பெரிய மருத்துவமனைகளில் நெரிசல் மிகுந்துள்ளது. பொது மருத்துவர்களுக்கான கல்லூரி 1974 இல் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை இயங்குகிறது.

குறைகள்

தொடர்ச்சிக்குச் சில பாதகங்களும் உள்ளன. நெடுநாள் பழகிய மருத்துவர், மெல்ல வளரும் ஒரு நோயைப் பழைய நோயின் பகுதியாகவே கருதிவிடலாம். சிற்றூரில் எல்லோரும் அறிந்த மருத்துவரிடம் சில செய்திகளைக் கூறத் தயங்குவோரும் உண்டு. உடனடிச் சிகிச்சை வேண்டுவோர் தம் மருத்துவருக்காகக் காத்திருப்பது தீங்காகலாம். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி போன்றவற்றில் தொடர்ச்சியைவிட விரைவே முதன்மையானது. மேலும், தகுதியற்ற ஒருவரிடம் நீடிக்கும் உறவு நன்மை பயப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

- ஆரம்ப சுகாதார நிலையம்
- மக்களைத் தேடி மருத்துவம்
- அரசு இராசாசி மருத்துவமனை, மதுரை
- அல்மா-அட்டா சாற்றுரை
- கீழக்குயில்குடி