பழைய காருக்குப் புது எஞ்சின்: வண்டலூர் முதல் பாலாறு வரை ஒரு வரலாறு

1) "டாக்டர், தாத்தாவோட காண்டெசா ஷெட்ல சும்மா கிடக்கு. புது எஞ்சின் மாத்திப் போட்டா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பறக்கும்ல?" வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கார் பைத்தியம் பிடிச்ச தம்பிகள் கேட்கிற கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க.

2) முதலில் ஒன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒரு கம்பெனியின் உடம்பில் இன்னொரு கம்பெனியின் எஞ்சினைப் பொருத்துவது ஏதோ ஒர்க்‌ஷாப் விளையாட்டு இல்லை. 1980களில் இந்திய கார் கம்பெனிகளே இதைத்தான் செஞ்சாங்க. அதிலும் விசித்திரமான கதை நம்ம சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் நடந்தது.

3) ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். ஹெரால்டும் கெசலும் செஞ்ச கம்பெனி. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு கார் கொண்டு வந்தாங்க. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது வாங்கினது. அதன் முகத்தை வடிவமைக்கும்போது ஃபெராரி டேடோனாவை மனசில் வெச்சிருந்தாங்க. பார்த்தா அப்படி ஒரு அழகு.

4) பானட்டைத் திறந்தா? உள்ளே 1940களின் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரோட எஞ்சின் வம்சம்! அதே வம்சத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடுச்சு, 1953-ல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடுச்சு. அந்தக் காலத்துக்கு நல்ல எஞ்சின், சந்தேகமே இல்லை. ஆனா 1985-ல்?

5) இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் இருந்தது 3.5 லிட்டர் வி8, சுமார் 155 குதிரைத்திறன். நம்ம ஊரில் 2 லிட்டர், சுமார் 83 குதிரைத்திறன். விலை அதிகம், பெட்ரோலைக் குடிச்சது, வேகம் வரலை. 1988-லேயே தயாரிப்பு நின்னுபோச்சு. இளம் உடம்பில் கிழட்டு இதயத்தை வெச்ச கதை.

6) இதுக்கு நேர் எதிர் கதை காண்டெசா. 1970களின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரோட அச்சுகளை வாங்கி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இறக்கினது. முதலில் அதுக்குக் கிடைச்சதும் பழைய எஞ்சின்தான்: அம்பாசிடரில் ஓடின 1489 சிசி, சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடம்பை அது எப்படி இழுக்கும்?

7) 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின், அஞ்சு கியர் பெட்டியோட காண்டெசா கிளாசிக்கில் வந்தது. சுமார் 88 குதிரைத்திறன். உடம்பு அதேதான், ஆனா ஆளே மாறிட்டான்! சென்னை–பெங்களூர் ரோட்டில் காண்டெசாவுக்கு வந்த மவுசு இந்த எஞ்சினால் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே குடும்ப எஞ்சின் அம்பாசிடருக்கும் போச்சு. அதுதான் 1800 ஐஎஸ்இசட்.

8) பிரீமியர் 118என்இ கூட இப்படித்தான். 1966-ல் பிறந்த ஃபியட் 124-ன் உடம்பு, நிசான் எஞ்சின், 1985-ல் இந்திய ரோட்டில்.

9) ஏன் இப்படி ஒட்டுப்போட்டாங்க? லைசென்ஸ் ராஜ் காலம். புது கார் முழுசா கொண்டு வர அனுமதியும் அந்நியச் செலாவணியும் சுலபமா கிடைக்காது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் பழைய கம்பெனிகளுக்கு வயித்தில் புளியைக் கரைச்சது. உடம்பை மாத்தக் காசில்லை, இதயத்தையாவது மாத்துவோம்னு இறங்கினாங்க.

10) இப்போ மருத்துவரா ஒரு விஷயம். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் நம்ம வேலூர் சிஎம்சியில்தான் நடந்தது. மாற்று உறுப்பு வைக்கும்போது உறுப்பு நல்லா இருக்கான்னு மட்டும் பார்த்தா போதாது. வாங்கிக்கிற உடம்பின் ரத்தக்குழாய் தாங்குமா, இதயம் தாங்குமா, உடம்பு அதை ஏத்துக்குமா என்று முதலில் பார்ப்போம். புது உறுப்பு வந்தா பழைய உடம்பு முழுக்கவும் அதோட வாழப் பழகணும்.

11) காரும் அப்படித்தான். புது எஞ்சின் போட்டா மவுண்ட் மாறணும், ரேடியேட்டர் போதணும், கியர்பாக்ஸும் கிரவுன் வீலும் அந்த இழுவையைத் தாங்கணும். இதையெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவார். பலர் மறப்பது பிரேக்கை. 60 கி.மீ. வேகத்தில் போன வண்டி 90-ல் போனா, வேகம் ஒன்றரை மடங்கு. ஆனா நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. எஞ்சினுக்கு லட்சம் செலவு பண்ணிட்டு பழைய பிரேக்கை நம்பி ஹைவேயில் ஏறினா, மீதிக் கதையை எமர்ஜென்சி வார்டில்தான் பேசணும்.

12) கோவை கரிவரதன் ஞாபகம் இருக்கா? மாருதி 800 எஞ்சினை வெச்சே ஒற்றை இருக்கை பந்தயக் கார்கள் செஞ்சவர். சாதாரண எஞ்சின்தான். அதுக்கு ஏத்த சட்டகத்தைத் தானே கட்டினார். இந்தியாவில் ஒரு தலைமுறை பந்தய ஓட்டுநர்கள் அந்த மாதிரி கார்களில்தான் பழகினாங்க. எஞ்சின் பெருசா சின்னதா என்பதை விட, உடம்பும் எஞ்சினும் பொருந்துதா என்பதுதான் கேள்வி.

13) இந்தப் பாடத்தை நம்ம ஊர் வேற விதத்தில் படிச்சிருக்கு. அதுவும் ரொம்ப விலை கொடுத்து. இங்கே தோல் பதம் என்றால் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான். 1970களில் அரசு, பாதி பதப்படுத்திய தோலை ஏற்றுமதி பண்ணாதே, முழுசா முடிச்ச தோலா அனுப்பு என்று கொள்கையை மாத்தினது. குரோம் பதம் பரவினது. உற்பத்தி ஏறினது, டாலர் வந்தது, வேலை வந்தது. பழைய தொட்டிகளுக்குள் புது எஞ்சின்.

14) ஆனா பிரேக்? அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு? அது கூடவே வளரலை. உப்பும் ரசாயனமும் கலந்த தண்ணீர் வயலுக்கும் பாலாற்றுக்கும் போச்சு. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போனதா அதில் பதிவாகியிருக்கு. மாசுபடுத்தியவரே ஈடு செய்யணும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இந்த வழக்கும் ஒரு முக்கியக் காரணம்.

15) தோல் தொழில் வேண்டாம்னு நான் சொல்லலை. இந்த ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரியுதுன்னு உங்களுக்கும் தெரியும். சக்தியைக் கூட்டுறவங்க, கட்டுப்பாட்டையும் அதே நாளில் கூட்டணும். பின்னாடி பார்த்துக்கலாம்னு விட்டா, அந்த பில் நம்ம பிள்ளைகளுக்கு வரும்.

16) திரும்ப காண்டெசாவுக்கு வருவோம். சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. அனுமதியில்லாம மாத்தினா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்லை இரண்டுமே கூட. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதலில் கேட்கிறது எஞ்சின் நம்பரைத்தான்.

17) ஆக, தம்பிகளுக்கு என் பதில்: தாத்தா காரை விட்டுடாதீங்க. அதே மாடல் எஞ்சினைப் பிரிச்சு ரீபோர் பண்ணி உயிர் கொடுங்க. வேற எரிபொருளுக்கோ மின்சாரத்துக்கோ மாத்தணும்னா, அங்கீகாரம் பெற்ற கிட்டுக்கு மட்டும் சட்டத்தில் வழி இருக்கு. வண்டியில் கை வைக்கும் முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் எழுத்துப்பூர்வமா கேளுங்க. எதைச் செஞ்சாலும் முதல் செலவு பிரேக், ஸ்டியரிங், டயர், சீட் பெல்ட். எஞ்சின் அப்புறம்.

18) வண்டலூரில் அந்தக் கார் தோத்தது வேகம் இல்லாததால். நம்ம ஹைவேயில் பிள்ளைகள் சாகிறது நிறுத்த முடியாததால். உங்க வீட்டிலும் ஒரு பழைய கார் தூங்கிட்டு இருந்தா, அதோட கதையைக் கீழே எழுதுங்க. இழையை உங்க கார் பைத்தியம் நண்பருக்கும் அனுப்பிடுங்க.