கீழணை பிறந்த கதை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்குகிறது. விருத்தாசலம் தாண்டி, திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. சேத்தியாத்தோப்பில்தான் வேடிக்கை. வீராணம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் அங்கே வெள்ளாற்றில் விழும். வீராணத்தில் கிடப்பது பெரும்பாலும் காவிரித் தண்ணீர். குடகில் பெய்த மழையும் கல்வராயன் மலையில் பெய்த மழையும் ஒரே ஆற்றில் கலந்து கடலுக்குப் போகின்றன.

இந்தச் சேர்க்கைக்குக் காரணம், அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணை. அது திட்டமிட்டுப் பெற்ற பிள்ளை அல்ல. தஞ்சாவூரின் குறையைத் தீர்க்கப் போய், அதனால் தென்னாற்காட்டுக்கு வரவிருந்த குறைக்குப் பரிகாரமாகக் கட்டியது. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்: கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் என்ஜினியர் ஆர்தர் காட்டன்.

1803இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அடிஸ்கோம்பில் இருந்த கம்பெனியின் ராணுவப் பள்ளியில் படித்து, 1819இல் மதராஸ் என்ஜினியர்ஸ் படையில் சேர்ந்து, 1821இல் சென்னைக்கு வந்தார். மறு வருடம் பாம்பன் கால்வாயை அளக்கப் போனார். பிறகு பர்மாவில் சண்டை. அப்போது பொதுப்பணித்துறை என்று ஒன்று கிடையாது. பாலமானாலும் மதகானாலும் பட்டாளத்து என்ஜினியர்தான் வந்தாக வேண்டும். அப்படித்தான் காவிரி அவர் கைக்கு வந்தது.

வந்தபோது காவிரிக்கு நோய் முற்றியிருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே, தஞ்சாவூர்ப் பக்கம் போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். கொள்ளிடத்தின் போக்கு நேரானது, சரிவும் கூடுதல். தண்ணீர் அந்தப் பக்கமே சாய, காவிரியின் வாயில் வருடா வருடம் மணல் மேடிட்டது. ஸ்ரீரங்கம் தீவின் கீழ்க்கோடியில் கல்லணை இருக்கிறதே என்று கேட்கலாம். காவிரிக்குள் வந்த தண்ணீர் மறுபடி கொள்ளிடத்தில் வழிந்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. வராத தண்ணீரை அது எப்படித் தடுக்கும்? மண்ணும் தழையும் வைத்துக் கொரம்பு போட்டுத் தண்ணீரைத் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளம் அதை வாரிக்கொண்டு போய்விடும்.

நிரந்தரமாக ஒரு தடுப்பு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதன்மேல் கட்டுவது? தோண்டத் தோண்ட மணல், எவ்வளவு ஆழத்தில் பாறை என்று யாருக்கும் தெரியாது. பாறையில் அடித்தளம் போட்டே பழகிய வெள்ளைக்காரப் பொறியாளருக்கு இது மலைப்பான விஷயம். காட்டன் கல்லணையைப் பார்த்தார். அது பாறையைத் தேடவே இல்லை. மணலில் பெரிய கற்களைப் போட்டிருக்கிறார்கள்; அவை அமிழ்ந்திருக்கின்றன; அவற்றின்மேல் மேலும் கற்கள். அமிழ்வது நிற்கும்வரை போட்டு, நின்றதும் அதையே அடித்தளமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர் காலத்து துரைமார்களில் இப்படி ஒப்புக்கொண்டவர்கள் அதிகமில்லை.

காட்டன் கொஞ்சம் மாற்றிச் செய்தார். செங்கல் உறைகளை மணலில் வைத்தார்; உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள உறை தானாகக் கீழே இறங்கும். நம் ஊரில் உறைகிணறு இறக்குகிற அதே வேலை. இறக்கிய உறைகளின் மேல் சுவர் எழுப்பினார். உயரம் ஏழடியைத் தாண்டவில்லை. வெள்ளம் சுவரைத் தாண்டி விழுந்து மணலைப் பறிக்காமலிருக்கக் கீழ்ப்புறம் கல் பாவினார். மணல் சேராமலிருக்க மணல்போக்கி மதகுகள் வைத்தார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இப்படிக் கட்டிய மேலணை 1836இல் முடிந்தது. தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. அளவுக்கு மீறியே திரும்பியது. சில ஆண்டுகளில் காவிரியின் வாய் அரித்து ஆழமாகி, அங்கேயும் ஒரு தடுப்பு போட வேண்டி வந்தது.

மேலணை தடுத்த தண்ணீர், கொள்ளிடத்துக் கடைமடையில் யாரோ எதிர்பார்த்துக் காத்திருந்த தண்ணீர்தானே? ஆற்றின் வடகரை தென்னாற்காடு ஜில்லா. கள்ளக்குறிச்சியும் அன்று அந்த ஜில்லாவில்தான். அங்கே சோழர் வெட்டிய வீராணம் கொள்ளிடத்தை நம்பி இருந்தது. ஆகவே ஏறத்தாழ எழுபது மைல் கீழே, எஞ்சி வருவதையும் ஊறி வருவதையும் மறித்துத் திருப்ப, அதே 1836இல் இரண்டாவது அணை; அதுதான் கீழணை. வீராணத்துக்கு வடவாறு, சிதம்பரம் பக்கத்துக்கு வடக்கு ராஜன் வாய்க்கால், சீர்காழிப் பக்கத்துக்குத் தெற்கு ராஜன் வாய்க்கால் என்று அங்கிருந்து கிளைகள் போகின்றன. 2004இலிருந்து வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கவும் போகிறது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்துகள் வெகுகாலம் இந்த அணையின் குறுகலான பாலத்தில்தான் ஊர்ந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அணை தெரியும், கட்டியவர் பெயர் தெரியாது.

பெயரெல்லாம் கோதாவரிக்குப் போய்விட்டது. இங்கே கற்ற மணல் வித்தையை 1847இல் தவளேஸ்வரத்துக்குக் கொண்டுபோய், 1852இல் அங்கே அணையை முடித்தார். ஆந்திராவில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை.

ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1861இல் சர் பட்டம், பிறகு ஜெனரல் பதவி. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொட்டுங்கள், படகில் சரக்கும் போகும், வயலும் விளையும், பஞ்சமும் வராது என்று கடைசிவரை வாதாடினார். 1878இல் பார்லிமென்ட் கமிட்டி முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் யோசனையில் பிறந்த கர்நூல்-கடப்பை கால்வாய்க் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1882இல் சர்க்கார் அதை வாங்கிக்கொண்டது. கால்வாய்ப் பித்து அவர் கண்ணை மறைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பஞ்சத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. 1899இல், 96 வயதில் டார்க்கிங்கில் காலமானார்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசு. 182 வயது, மறுப்பதற்கில்லை. ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். மணலையே நம்பிக் கட்டிய அணை அது. பக்கத்திலேயே இப்போது புதிய கதவணை கட்டி முடித்துவிட்டார்கள்.